பாம்புக்குத் தனி அடுப்பு

“ஊரே அடுப்பு. இதுல இவன் பாம்புக்குன்னு தனியா ஒரு அடுப்பு வாங்கி மாட்டிகினு இருக்கான்.”

சித்தப்பா இதைச் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், எங்கள் வீட்டு ஹாலில், பிரியாணி சாப்பிட்டுக் கை கழுவின ஈரத்தோடு. எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் ஒப்பிக்கும் விளக்கத்தை அவருக்கும் ஒப்பித்தேன். பாம்புக்கு நம்மைப்போல உடம்புக்குள்ளேயே சூடு ஊறாது சித்தப்பா, வெளியிலிருந்துதான் வாங்கிக்கொள்ள வேண்டும், சூடு போதவில்லை என்றால் தின்ற எலி செரிக்காமல் இரண்டு நாள் கழித்துக் கக்கிவிடும், அதனால்தான் ஹீட்டர், ஹீட்டர் அளவு மீறாமல் இருக்கத்தான் தெர்மோஸ்டாட். அவர் பல் குத்திக்கொண்டே பொறுமையாகக் கேட்டார். கடைசியில், “அதான்டா கேக்கறேன், வேலூர்ல வெளிய இல்லாத சூடா?” என்றார்.

அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகமில்லை. ஏதோ சொல்லிச் சமாளித்திருப்பேன். ஆனால் கேள்வி மட்டும் காதுக்குள் நின்றுவிட்டது. வேலூர்க்காரன் என்று சொன்னதும் வெளியூர் ஆட்கள் எடுத்துவிடும் பட்டியல் ஒன்று உண்டல்லவா, தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை என்று போகுமே, அதில் வெயிலைப் பற்றி மட்டும் ஒன்றும் இருக்காது, ஏனென்றால் அது ஒன்றுதான் இங்கே இல்லாமல் போனதே இல்லை. அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு, குளிர் நாட்டு ஆட்கள் அவர்கள் வீட்டு ஜனவரியை நினைத்து எழுதிவைத்த வழிமுறைகளை வரி வரியாகப் படித்து, அதன்படியே ஒரு பெட்டி செய்து, அதில் ஒரு உயிரை வைத்திருந்தேன். அந்த உயிரின் வயிற்றில் இப்போது உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தழும்பு இருக்கிறது. அது ஏன் வந்தது என்று எழுதிப் பார்த்தால்தான் எனக்கே தெளியும் போலிருக்கிறது.

பால் குடிக்காத பால் பைத்தான்

கல்லூரி நண்பன் ஒருவன் வேலை கிடைத்து ஜெர்மனி போனபோது என்னிடம் விட்டுவிட்டுப் போனது இந்தப் பாம்பு. பால் பைத்தான். அம்மாவிடம் பெயரைச் சொன்னதும், “பாலா? அப்போ பால் குடிக்குமா?” என்றுதான் கேட்டாள். புற்றுக்குப் பால் ஊற்றியே வளர்ந்த தலைமுறை, அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்துபோலச் சுருண்டுகொள்ளும், அந்தப் பந்துதான் பெயரில் இருக்கிறது. என் மகள் அதற்கு வைத்த பெயர் இன்னும் பொருத்தம்: உருண்டை. கானா, டோகோ, பெனின் பக்கத்து மலைப்பாம்பு ஜாதி, ஆப்பிரிக்க மலைப்பாம்புகளிலேயே மிகச் சின்னது. எங்கள் உருண்டை நாலடிக்குக் கொஞ்சம் குறைச்சல்.

சட்டம் பற்றிக் கேட்கிறவர்களுக்காக ஒரு வரி. நம்ம ஊர்ப் பாம்பு எதையும், சாரையோ மண்ணுளியோ, வீட்டில் வைத்துக்கொள்வது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மண்ணுளிக்கு இரட்டைத் தலை, கோடி ரூபாய் போகும் என்று யாராவது சொன்னால் நேராக வனத்துறைக்குப் போன் போடுங்கள். வெளிநாட்டு இனங்களில் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறவற்றை 2022 திருத்தமும் அதன் கீழ் 2024-ல் வந்த விதிகளும் சொல்கிறபடி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும், கை மாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். அதைச் செய்துவிட்டுத்தான் நண்பன் விமானம் ஏறினான்.

பெட்டியை நானே வரைந்து கொடுத்து ஆசாரியை வைத்துச் செய்தேன். பிளைவுட், நாலடி நீளம், இரண்டடி அகலம், முன்பக்கம் பூட்டு போட்ட நகரும் கண்ணாடி. இடது ஓரம் தரையில் கரண்டில் சூடேறும் ஹீட் மேட், அதன் மேல் ஒரு டைல்ஸ், அதன் மேல் தேங்காய் நார்த்தூள், அதன் மேல் ஒளிந்துகொள்ளப் பாதிக் கொட்டாங்குச்சி மாதிரி ஒரு கூடு. வலது ஓரம் சூடு கிடையாது, இன்னொரு கூடும் தண்ணீர்ச் சட்டியும் மட்டும். இடது பக்கம் தரையில் 32 டிகிரி, வலது பக்கம் 26. பாம்பு தனக்கு வேண்டியபோது அங்கே போகும், போதும் என்றால் இங்கே வரும். கணக்கு அவ்வளவுதான். கேட்கச் சுலபம், எனக்கும் சுலபமாகத்தான் இருந்தது.

இங்கே என் பிழைப்பைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருவதன் வெட்கம் புரியாது. ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் எலக்ட்ரிகல் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். பதினோரு வருஷம் ஆகிறது. தோலை விரித்து மாட்டிக் காயவைக்கும் டிரையர்கள், அவற்றின் ஹீட்டர், சென்சார், கன்ட்ரோலர், எல்லாம் என் கையில்தான். சூடு இரண்டு டிகிரி கூடினால் தோல் விறைத்துப்போகும், பார்ட்டி திருப்பி அனுப்பிவிடுவான். ஆகவே சூட்டை அளந்து அடக்குவதுதான் நான் சம்பளம் வாங்கும் வேலை. பாம்புப் பெட்டிக்கு வாங்கிய தெர்மோஸ்டாட்டைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. விளையாட்டுச் சாமான். 32-ல் அணை, 31-க்கு இறங்கினால் போடு. இதைச் செட் பண்ண எனக்கு மூன்று நிமிஷம் ஆகவில்லை.

சென்சார் வயரை மட்டும் கொட்டாங்குச்சிக் கூட்டுக்கு அடியில், நார்த்தூளுக்குள், டைல்ஸைத் தொடுகிறமாதிரி செருகிவிட்டேன். டேப் போட்டு ஒட்டக்கூடாது, பிசின் பாம்பின் செதிலில் பட்டால் தோலோடு பிய்த்துக்கொண்டு வந்துவிடும் என்று படித்திருந்தேன். அது உண்மைதான். அதற்குப் பதிலாக ஒரு கிளிப் அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. சும்மா செருகினேன்.

மார்கழி கடைசி வாரம்

வேலூரில் குளிரே இல்லை என்று சொல்பவர்கள் மார்கழியில் விடியற்காலை சத்துவாச்சாரியில் பால் வாங்கப் போயிருக்க மாட்டார்கள். 17, 18 டிகிரிக்கு இறங்கிவிடும். நமக்கு ஒரு போர்வையோடு போகிற குளிர். வீட்டுக்குள் 22 இருக்கும். திங்கட்கிழமை இரவு பெட்டியைப் பார்த்தபோது தெர்மோஸ்டாட்டின் சிவப்பு எண்கள் 24.6 என்று காட்டின. 32 இருக்க வேண்டிய இடம். சரி, குளிர் ஜாஸ்தி, மேட் திணறுகிறது, விடியற்குள் ஏறிவிடும் என்று படுத்துவிட்டேன். காலையில் 24.1.

செவ்வாய் இரவு நான் செய்ததை இப்போது நினைத்தாலும் பல்லைக் கடிக்கிறேன். பழைய கம்பளி ஒன்றை எடுத்துப் பெட்டியின் மேலும் பக்கங்களிலும் போர்த்தினேன். செட் அளவை 33-க்கு ஏற்றினேன். புதன் காலை 25.0. ஏறுகிறது பார் என்று ஒரு சந்தோஷம் வேறு.

புதன் சாயங்காலம் மகள் வந்து சொன்னாள். “அப்பா, உருண்டை தண்ணிக்குள்ளயே உக்காந்துகினு இருக்கு.” போய்ப் பார்த்தேன். தண்ணீர்ச் சட்டிக்குள் உடம்பு முழுக்க மடித்துத் திணித்துக்கொண்டு, மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு இருந்தது. சட்டை உரிப்பதற்கு முன்னால் சில பாம்புகள் இப்படித் தண்ணீரில் ஊறும். “சட்டை உரிக்கப் போகுது போலம்மா” என்றேன். அவள், “இந்தக் குளிர்லயா?” என்றாள். ஒன்பது வயசுப் பிள்ளை. அவள் கேட்டதுதான் சரியான கேள்வி. வெளியே மார்கழி, பெட்டி 25 என்று காட்டுகிறது, வெளிச்சூட்டை நம்பிப் பிழைக்கிற ஒரு பிராணி போய்ப் பச்சைத் தண்ணீரில் உட்கார்ந்திருக்கிறது. நான் அதைப் பார்த்துவிட்டு, எண்ணைப் பார்த்துவிட்டு, எண்ணை நம்பினேன்.

ஃபேக்டரியில் ஆபரேட்டர் யாராவது ஓடிவந்து, “சார், டிரையர் சூடு ஏறல” என்றால் நான் முதலில் ஹீட்டரைப் பார்க்கவே மாட்டேன். சென்சாரைத்தான் பார்ப்பேன். பத்தில் எட்டுத் தடவை அது இடம் மாறியிருக்கும், அல்லது வயர் விட்டிருக்கும், ஹீட்டர் பாவம் உள்ளே முழு வேகத்தில் கொதித்துக்கொண்டிருக்கும். புதுசாக வரும் பையன்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் இது. அந்தப் பாடத்தை நான் ராணிப்பேட்டையிலேயே சைக்கிள் ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறேன்.

வியாழக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு என்னவோ உறுத்தி எழுந்தேன். கோலத்துக்கு வாசல் தெளிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பெட்டியைத் திறந்து இடது பக்கக் கூட்டைத் தூக்கினேன். கை வைத்த இடம் தோசைக்கல் ஓரம் மாதிரி இருந்தது. சென்சார் அங்கே இல்லை. வயரைப் பிடித்துக்கொண்டே போனால், நார்த்தூளுக்குள்ளேயே ஓடி, வலது ஓரத்தில், தண்ணீர்ச் சட்டிக்குப் பின்னால், ஈரத் தூளில் மூக்கைப் புதைத்துக்கொண்டு கிடந்தது. உருண்டைதான் இரவில் உலாவும்போது உடம்பால் நெம்பி இழுத்துப்போயிருக்க வேண்டும். தொடாமலே சூடு காட்டும் ஃபேக்டரி டெம்பரேச்சர் கன் பையில் இருந்தது. டைல்ஸில் அடித்தேன். 51.4.

அதாவது மூன்று நாளாகத் தெர்மோஸ்டாட் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்துகொண்டிருந்தது. அதன் மூக்கு இருந்த இடம் 24, 25. எனக்குக் குளிர்கிறது, குளிர்கிறது என்று சொல்லி மேட்டை ஒரு நொடி அணையவிடாமல் ஓட்டியிருக்கிறது. அதற்குமேல் நான் வேறு கம்பளி போர்த்தியிருக்கிறேன். அந்தச் சிவப்பு எண் பெட்டியின் சூடும் அல்ல, பாம்பின் சூடும் அல்ல. சுண்டுவிரல் நுனியளவு உலோகம் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தின் சூடு. இது எனக்குத் தெரியாத விஷயமா?

உருண்டையைத் தண்ணீரிலிருந்து எடுத்துத் திருப்பினேன். வயிற்றுச் செதில்கள் நல்ல பாலாடை நிறத்தில் இருக்கும், அகலமாக, ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து, ஓலைக் கூரை மாதிரி. நடுவயிற்றில் ஒன்பது செதில் பழுப்பேறி ஓரம் சுருங்கியிருந்தது. ஒன்றில் நீர் கோத்த கொப்புளம். பாம்பு கத்தாது, முனகாது. என் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டு நாக்கை நீட்டி நீட்டி மோந்தது, அவ்வளவுதான்.

ஏன் விலகவில்லை

யாரிடம் சொன்னாலும் அடுத்த கேள்வி இதுவாகத்தான் இருந்தது: சுட்டால் எழுந்து போகவேண்டியதுதானே? எனக்கும் அதே கேள்விதான். இதில் விசித்திரம் என்னவென்றால், இந்த ஜாதிப் பாம்புக்கு மேலுதட்டு ஓரமாக வரிசையாகக் குழிகள் உண்டு, கும்மிருட்டில் எலியின் உடம்புச் சூட்டை அவற்றால் கண்டுபிடித்துவிடும். அந்தக் குழிகளில் சூட்டை உணரும் புரதம் எது என்று 2010-ல் கண்டுபிடித்தார்கள். நமக்குக் கடுகின் காரத்தை மூக்கில் சுரீரென்று ஏற்றுகிற அதே டி.ஆர்.பி.ஏ.1 தான். அவ்வளவு நுட்பமான கருவியை முகத்தில் வைத்துக்கொண்டிருக்கும் பிராணி வயிற்றைச் சுட்டுக்கொள்கிறது என்றால்?

ஒரு காரணத்தை என் பெட்டியே காட்டியது. பெட்டிக்குள் சூடான இடம் அந்த ஒரு சாண் டைல்ஸ் மட்டும்தான். காற்று குளிர், மற்ற தரை குளிர், வலது கூடு குளிர். குளிர்ந்த உடம்போடு அங்கே வந்து படுக்கிறது, கீழே மெல்ல மெல்ல ஏறுகிறது, விலகினால் 23 டிகிரி. சூடும் வேண்டும், சுடாமலும் இருக்க வேண்டும், அப்படி நடுவில் ஓர் இடத்தை நான் அதற்கு வைக்கவே இல்லை. சூடு பக்கம், குளிர் பக்கம் என்று இரண்டு ஓரங்களைச் செய்துவிட்டு நடுவே படிக்கட்டு கட்ட மறந்த ஆசாரி நான். போதாதற்கு மேட்டின் மேல் மூன்று விரல் கனத்துக்கு நார்த்தூள். சூடு மேலே போக வழியில்லாமல் அடியில் கட்டிக்கொள்ளும், பாம்போ தூளைத் துளைத்துக்கொண்டு நேராக அந்த அடிக்குத்தான் போகும்.

கடைசியில் அது விலகத்தான் செய்தது. விலகித் தண்ணீருக்குள் போய் உட்கார்ந்து ஒரு நாள் முழுக்க எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

வேலூரில் நாய்க்கும் மாட்டுக்கும் டாக்டர் உண்டு, பாம்புக்குப் பழகினவர் எனக்குத் தெரிந்து கிடைக்கவில்லை. தலையணை உறையில் விட்டு முடிச்சுப் போட்டு, ஓட்டை போட்ட தெர்மாகோல் பெட்டியில் வைத்து, மச்சானின் காரில் சென்னைக்குக் கொண்டுபோனோம். வாலாஜா டோல்கேட்டில் வண்டி நின்றபோது, பெட்டியில் என்ன கேக்கா என்று பக்கத்து வண்டிக்காரர் கேட்டார், மனைவி ஆமாம் என்றுவிட்டாள். டாக்டர் புண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் கேட்ட முதல் கேள்வி, “சென்சார் எங்க வெச்சிருந்தீங்க?” நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று அவர் கேட்டுவிடக்கூடாதே என்று இருந்தது. கொப்புளத்தை உடைக்காதீர்கள், சில்வர் சல்ஃபாடயசின் களிம்பு, நார்த்தூளை எல்லாம் வாரிப்போட்டுவிட்டுத் தரையில் வெறும் பேப்பர், பேப்பரைத் தினமும் மாற்ற வேண்டும், ஊறுகிறமாதிரி பெரிய சட்டி வேண்டாம். ஒரு மாசம் கழித்து எலி எடுத்தது. மூன்று சட்டை உரித்த பிறகு பழுப்பு போய்விட்டது. செதிலின் ஓரங்கள் மட்டும் இன்றும் தையல் போட்ட துணி மாதிரி கோணலாக இருக்கின்றன.

பெட்டியைத் திரும்பக் கட்டியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தரை மேட்டைக் கழற்றி எறிந்தேன். சூடு இப்போது மேலிருந்து, வெயில் வருகிற திசையிலிருந்து வருகிறது, வெளிச்சமில்லாத பீங்கான் ஹீட்டர், பாம்பு போய்ச் சுற்றிக்கொள்ளாதபடி சுற்றிலும் கம்பிக் கூண்டு. வாங்கும்போது கடையில் சாதாரண பல்பு ஹோல்டரைக் கொடுத்தார்கள், பீங்கான் ஹோல்டர் கேட்டு வாங்குங்கள், இந்த ஹீட்டரின் முகம் 200 டிகிரிக்கு மேல் போகும், மற்றது உருகிவிடும். சென்சார் கிளிப் அடித்து அசையாமல் நிற்கிறது. எங்கள் டிரையர் ஒவ்வொன்றிலும் அளவு மீறினால் லைனையே துண்டிக்கிற இரண்டாவது கட்-அவுட் ஒன்று இருக்கும், ஏனென்றால் முதல் கன்ட்ரோலரின் ரிலே என்றாவது ஒருநாள் ஒட்டிக்கொண்டு அணையாமல் நின்றுவிடும். அதே மாதிரி தனிச் சென்சாரோடு இரண்டாவது தெர்மோஸ்டாட்டைச் சீரிஸில் போட்டு 36-ல் வைத்தேன். தோலுக்கு வைத்த காவலை உயிருக்கு வைக்க எனக்கு ஒரு கொப்புளம் தேவைப்பட்டது. அப்புறம், தினமும் ஒருமுறை டிஸ்ப்ளேயைப் பார்க்காமல் கன்னை எடுத்து நாலு இடத்தில் அடித்துப் பார்க்கிறேன். அது இப்போது பல் விளக்குகிறமாதிரி ஆகிவிட்டது.

சித்தப்பாவின் கேள்விக்கு வருவோம்

பிப்ரவரி பாதியிலேயே ஹீட்டர் தானாக அணைந்துபோய் அப்படியே கிடந்தது. ஏப்ரல் வந்தது. எங்கள் வீட்டில் பெட்டி இருந்தது மாடி அறையில், மேலே நேராக மொட்டைமாடி. வேலூர் மொட்டைமாடி பற்றி வேலூர்க்காரர்களிடம் சொல்ல வேண்டியதில்லை, பகலெல்லாம் குடித்த வெயிலை ராத்திரி பதினொரு மணிவரை நம் தலையில் கக்கும், போதாதற்குச் சுற்றிலும் மலைப்பாறை வேறு. அக்னி நட்சத்திரம் பிறக்கும் முன்பே ஒருநாள் மதியம் பெட்டியின் குளிர்ந்த பக்கத்தில் கன் 35.8 காட்டியது. குளிர்ந்த பக்கத்தில்! பாம்பு கண்ணாடியை மூக்கால் இடித்துக்கொண்டு ஓரம் ஓரமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

நான் ஆயிரக்கணக்கில் செலவு செய்து கட்டிய ஏற்பாடு முழுக்கச் சூட்டை ஏற்றத்தான் தெரிந்தது. தெர்மோஸ்டாட் இரண்டும் அணைந்து நின்றன, அதற்குமேல் அவற்றால் ஆவது ஒன்றுமில்லை. இனி ஒரு டிகிரி ஏறினாலும் அவை வேடிக்கைதான் பார்க்கும். ஃபேனைத் திருப்பி வைத்தேன். நமக்கு ஃபேன் சுகமாக இருப்பது வியர்வை காய்வதால், பாம்புக்கு வியர்வையே கிடையாது, 36 டிகிரி காற்றை அதன் மேல் வேகமாக அடித்ததுதான் மிச்சம். ஐஸ் பாட்டிலைத் துணி சுற்றி வைத்தேன். ஒரு மணி நேரத்தில் துணி நனைந்து மூலையெல்லாம் ஈரம், அதை அப்படியே விட்டால் வயிறு அழுகும்.

அந்த வாரம் அணைக்கட்டுப் பக்கம் எங்கள் நிலத்துக்குப் போயிருந்தேன். அறுத்த வயலில் எலி பிடிக்க ஓர் இருளர் பெரியவர் வந்திருந்தார். அப்பா காலத்திலிருந்து வருகிறவர். 2023-ல் செங்கல்பட்டுப் பக்கத்துப் பாம்பு பிடிக்கும் இருளர்கள் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ கொடுத்தபோது நான் பேப்பரை எடுத்துப்போய்க் காட்டினேன், அவர் போட்டோவை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “நல்லா கீறானுங்க” என்று மட்டும் சொன்னார். வீட்டில் பாம்பு இருப்பது அவருக்குத் தெரியும். அவருக்கு அது ஒரு பைத்தியக்காரத்தனம், சொல்ல மாட்டார்.

வரப்படியில் வளையை மண்வெட்டியால் திறந்துகொண்டிருந்தார். மண் வெள்ளையாகக் காய்ந்து கட்டியாக இருந்தது, செருப்பில்லாமல் நிற்க முடியவில்லை. நான் கேட்டேன், “இந்த வெயில்ல பாம்பெல்லாம் எங்கணா இருக்கும்?”

“எங்க இருக்கும், இதோ இதுலதான். எலிய துன்னுட்டு எலி ஊட்லயே படுத்துக்கும். உள்ள கைய உட்டுப் பாரு.”

தயங்கினேன். அவர் சிரித்துவிட்டு முதலில் தன் கையைத் தோள்வரை விட்டு எடுத்தார். அப்புறம் நான் விட்டேன். முழங்கைவரை அனல். அதற்கப்பால் விரல்கள் போன இடத்தில் சட்டென்று வேறு ஊர். களிமண் வழவழவென்று ஈரமாக, மண் கூஜாவின் உட்புறம் மாதிரி சில்லென்று இருந்தது. கையை எடுக்க மனசு வரவில்லை. தலைக்கு மேல் நாற்பது டிகிரி அடிக்கிறது, மூன்றடிக்குக் கீழே அந்தச் சேதி யாருக்கும் போகவில்லை.

“ராத்திரி மேல குளுந்தா மேல வரும், காஞ்சா கீழ போவும்” என்றார். மண்வெட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே, ஏதோ சாதாரணமாகக் கேட்கிறவர்போல, “உன்னுது எங்க போவும்?” என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆப்பிரிக்காவிலும் இந்தப் பாம்பு பகலெல்லாம் எலி வளையிலும் கரையான் புற்றிலும்தான் கிடக்கும் என்று நானே எத்தனை தடவை படித்திருப்பேன். படித்தது வேறு, கை உள்ளே போனது வேறு. அது அங்கே எந்த வெப்பநிலையில் வாழ்கிறது என்பதைத்தான் எல்லாரும் எண்ணாக எழுதிவைத்திருக்கிறார்கள், நானும் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். எண் அந்தப் பாம்புக்கு இருந்ததே இல்லை, அதற்கு இருந்தது போக வர வழி. அந்த வழியை அடைத்துப் பெட்டி செய்தவன் நான், அடைத்துவிட்டு அதற்குப் பதிலாகச் சிவப்பு விளக்கில் நாலு இலக்கம் கொடுத்திருக்கிறேன். மார்கழியில் நடந்ததும் சித்திரையில் நடந்துகொண்டிருந்ததும் ஒரே தப்பு என்று அந்த வரப்பில் நிற்கும்போதுதான் உறைத்தது. மார்கழியில் சூட்டிலிருந்து இறங்கப் படிக்கட்டில்லை, சித்திரையில் இறங்க இடமே இல்லை.

திரும்பும்போது காட்பாடி தாண்டிக் கரிகிரி போய் ஒரு மண்பானை வாங்கினேன். எந்தக் குழம்புக்கு என்று கேட்டார்கள், பாம்புக்கு என்று சொல்லாமல் மோருக்கு என்றேன். டைல்ஸ் வெட்டும் பிளேடு போட்டுப் பக்கவாட்டில் உருண்டை நுழைகிற அளவுக்கு ஒரு வாசல் அறுத்து, ஓரத்தை உப்புத்தாளில் தேய்த்து, ராத்திரி முழுக்க வாளியில் ஊறவைத்துக் குளிர்ந்த பக்கத்தில் கவிழ்த்து வைத்தேன். உள்தரையில் காய்ந்த பேப்பர், ஈரமெல்லாம் பானையின் முதுகில் மட்டும், மேலே ஒரு நனைந்த துணி. பெட்டியின் பின்பலகையில் வரிசையாகத் துளை போட்டு, கம்ப்யூட்டரில் இருக்கிற குட்டி ஃபேன் ஒன்றை உள்காற்றை வெளியே இழுக்க வைத்தேன். பாம்புக்கு உதவாத ஃபேன் பானைக்கு உதவும், பானைக்குத்தான் வியர்க்குமே. மதியம் மூன்று மணி, பெட்டிக் காற்று 34.5, பானைக்குள் 28.9. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை துணியை நனைக்க வேண்டும், கரண்ட் போனாலும் குட்டி ஃபேன் இன்வெர்ட்டரில் ஓடும்.

அது மட்டும் போதாதென்று பெட்டியையே கீழே கொண்டுவந்தேன். வீட்டில் குளிர்ச்சியான அறை அம்மாவுடையது, மேலே மாடி இருப்பதால் கூரை காயாது. அம்மா ஒரு வாரம் பேசவில்லை. அப்புறம் இரண்டு நிபந்தனை போட்டாள். பூட்டுச் சாவி அவள் முந்தானையில்தான் இருக்கும், எலி அவள் பிரிட்ஜுக்குள் வரக்கூடாது. எலிக்கென்று பழைய குட்டி பிரிட்ஜ் ஒன்று வாங்கியாயிற்று. இப்போது துணி நனைப்பது அவள்தான், நான் ஃபேக்டரியில் இருக்கும்போது. “மத்தியானம் ரெண்டு தரம் தண்ணி தெளிச்சேன், தலைய நீட்டிப் பாத்துட்டு உள்ள போய்டுச்சு” என்று போனில் சொல்வாள், பேரன் பேத்தி சாப்பிட்டதைச் சொல்கிற குரலில்.

கத்திரி நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வந்தார். சட்டையெல்லாம் நனைந்து, ஷேர் ஆட்டோவில் வெந்துபோய் வந்தவர், நேராக அம்மா அறையின் தரையில் உட்கார்ந்தார். ஹீட்டர் அணைந்திருப்பதைப் பார்த்து, “இன்னாடா, அடுப்ப அணைச்சிட்டியா?” என்றார். பிப்ரவரியிலேயே அணைந்துவிட்டது சித்தப்பா, இனி கார்த்திகைக்குத்தான் என்றேன். கண்ணாடியைத் திறந்து பானையைக் காட்டினேன். வாசலில் உருண்டையின் மூக்கு மட்டும் தெரிந்தது. நாக்கை ஒருமுறை நீட்டிவிட்டு உள்ளிழுத்துக்கொண்டது. சித்தப்பா கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்து, கையை மட்டும் நீட்டிப் பானையின் ஈர முதுகில் உள்ளங்கையை வைத்தார். எடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

“இதுல பெரிய சைஸ் கெடைக்குமா?” என்றார்.